பில் இல்லாத கம்ப்யூட்டரும் பிள்ளையின் படிப்பும்



பொறியியல் கல்லூரிச் சேர்க்கை முடிந்து வகுப்புகள் தொடங்கும் சமயத்தில் நம் கடைவீதிகளில் ஒரு புதுப் பேச்சு கிளம்பும். பருப்பு விலையும் பாமாயில் விலையும் சற்று ஒதுங்கிக்கொள்ள, "பையனுக்கு என்ன கம்ப்யூட்டர் வாங்குவது?" என்ற கேள்வி முன்னுக்கு வந்துவிடும். கல்லாவில் அமர்ந்தபடியே நாலு பேரைக் கேட்கிறோம். நாலு பேரும் நாலு விதமாகச் சொல்கிறார்கள். கடைசியில் யார் விலையைக் குறைத்துச் சொன்னாரோ அவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்து விடுகிறோம்.

ஒரு மூட்டை துவரம்பருப்பு எடுக்க மண்டிக்குப் போனால் நாம் இப்படியா வாங்குகிறோம்? கைவிட்டு அள்ளிப் பார்க்கிறோம். உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்க்கிறோம். ஒன்றிரண்டை வாயில் போட்டுக் கடித்துப் பார்க்கிறோம். மூட்டையின் மேலுள்ள முத்திரையை மட்டும் நம்பிச் சரக்கு எடுத்தவன் எவனும் பத்து வருடம் கடை நடத்தியதில்லை. ஆனால், பிள்ளையின் நாலு வருடப் படிப்பைச் சுமக்கப் போகும் பொருளை, மேலே மின்னும் விளக்கைப் பார்த்து வாங்குகிறோம்.

இதில் நாமும் விலக்கல்ல. சில ஆண்டுகளுக்கு முன் நம் வீட்டுப் பெண் மெக்கானிக்கல் பிரிவில் சேர்ந்தாள். கடைக்காரர் இரண்டு விலை சொன்னார். பில்லோடு ஒரு விலை, பில் இல்லாமல் ஒரு விலை. வித்தியாசம் அந்த 18 சதவீத ஜி.எஸ்.டி.தான். பில் இல்லாமல் வாங்கினோம். பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே ஏழு வண்ண விளக்கு. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் பார்த்து வியந்தார்கள். பத்தாவது மாதம் ஒரு மாலை, மின்சாரம் போய் வந்த நொடியில் உள்ளிருந்த எஸ்.எம்.பி.எஸ். 'டப்' என்று வெடித்தது. போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போனது. கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "பில் இருக்கா சார்?" என்பதுதான்.

அந்தப் பருவத்தில் அவள் சமர்ப்பிக்க வேண்டிய வடிவமைப்பு வேலை பாதியில் நின்றது. இரண்டு வாரம் தோழியின் வீட்டில், அந்தப் பெண் தூங்கிய பிறகு அவளுடைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து முடித்தாள். நம்மைக் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் கடைக்கு வந்தவள், வாசலில் தொங்கும் பலகையைப் பார்த்துவிட்டு, "அப்பா, பொருள் வாங்கியதும் பில் கேட்டு வாங்குங்கள்னு நாமதானே எழுதி வச்சிருக்கோம்?" என்று மட்டும் கேட்டாள். ஊருக்கு உபதேசம் செய்பவனுக்கு அதைவிட வேறு சூடு வேண்டுமா? அந்தச் சூட்டில்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் படிப்பைக் கேளுங்கள்

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே கம்ப்யூட்டர் வாங்கியாக வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். முதலாண்டில் பெரும்பாலும் எல்லாப் பிரிவினருக்கும் பொதுப்பாடங்கள்தான். எந்த மென்பொருளைப் பயன்படுத்தப் போகிறார்கள் என்று துறைப் பேராசிரியரிடமோ மூன்றாமாண்டு மாணவரிடமோ ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வாங்குவதே முறை. வாடிக்கையாளர் யார் என்று தெரியாமல் எவனும் சரக்கு எடுப்பதில்லை.

சிவில் மாணவருக்கு ஆட்டோகேட், ரெவிட், ஸ்டாட் ப்ரோ போன்றவை. மெக்கானிக்கல் மாணவருக்கு சாலிட்வொர்க்ஸ், கிரியோ, காட்டியா, அன்சிஸ் போன்றவை. எலக்ட்ரானிக்ஸ் மாணவருக்கு மேட்லேப், கிகேட் போன்றவை. இவற்றில் ரெவிட்டும் சாலிட்வொர்க்ஸும் விண்டோஸில் மட்டுமே ஓடுபவை. மெக்கானிக்கல் சேர்ந்த பையனுக்கு ஆசையாக ஆப்பிள் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பின்னால் கையைப் பிசைவதில் பயனில்லை.

இன்னொன்று, பிள்ளை விடுதியில் தங்கிப் படிக்கிறான் என்றால் மடிக்கணினிதான் வழி. வீட்டிலிருந்து போய் வருபவனுக்கு மேசைக் கம்ப்யூட்டரே லாபம். கிராஃபிக்ஸ் சிப்பின் பெயர் ஒன்றாக இருந்தாலும் மடிக்கணினிக்குள் அது குறைந்த மின்சாரத்தில் ஓட வேண்டியிருப்பதால் வேகம் குறையும். மேசைக் கம்ப்யூட்டரில் ஒரு பாகம் போனால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றலாம்; வசதி வந்தபோது கூட்டிக்கொள்ளவும் செய்யலாம். தவணை தவணையாகக் கடையைப் பெரிதாக்கிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எந்தப் பாகத்தில் பணம் போட வேண்டும்?

பிராசஸரில் 'கோர்' எண்ணிக்கையைச் சொல்லித்தான் விற்கிறார்கள். பதினாறு கோர், இருபது கோர் என்று கேட்டால் நமக்கும் மலைப்பாக இருக்கிறது. வடிவமைப்பு வேலையின் தன்மை வேறு. ஒரு பாகத்தை வரையும்போது முதலில் கட்டை, பிறகு துளை, பிறகு விளிம்பு மழுக்கல் என்று ஒவ்வொரு படியும் முந்தைய படி முடிந்த பிறகே நடக்கும். இது ஒரே கல்லாவில் ஒருவர் பின் ஒருவராக நிற்கும் வரிசை போன்றது. கடையில் பத்து ஆள் வைத்தாலும் கல்லாவில் இருப்பவரின் கைவேகம்தான் கணக்கு. ஆகவே, வரைவதற்கு ஒரு கோரின் வேகமே முக்கியம்.

வரைந்ததை நிழற்படம் போல் ஒளியும் நிழலுமாக ஆக்கிக் காட்டுவதும், பாரம் தாங்குமா என்று கணக்கிட்டுப் பார்ப்பதும் பொட்டலம் கட்டுவது போன்றவை. ஆள் அதிகமிருந்தால் பகிர்ந்துகொண்டு சீக்கிரம் முடிப்பார்கள். அங்கேதான் கோர் எண்ணிக்கை உதவும். ஒரு மாணவருக்கு, புதிய தலைமுறையில் ஆறு அல்லது எட்டு வேகமான கோர் உள்ள நடுத்தர பிராசஸரே போதும் என்பது நம் கருத்து.

மதர்போர்டு கடைக்கட்டடம் மாதிரி. பிற்பாடு விரிவாக்க இடம் இருக்கிறதா என்று பார்த்து எடுக்க வேண்டும். ஏ.எம்.டி. நிறுவனம் 2016-ல் கொண்டுவந்த ஏ.எம்.4 சாக்கெட்டுக்கு 2024-லும் புதிய பிராசஸர் வெளியிட்டது. 2022-ல் வந்த ஏ.எம்.5 சாக்கெட்டையும் 2027 வரையிலும் அதற்குப் பின்னும் தொடர்வதாக 2024-ல் அறிவித்தது. இன்டெல் பக்கம் சாக்கெட் அடிக்கடி மாறும். எதை எடுத்தாலும், "இரண்டு வருடம் கழித்து இதே போர்டில் இதைவிடப் பெரிய பிராசஸர் போட முடியுமா?" என்று கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

ராம் என்பது நம் கடையின் மேடை. எஸ்.எஸ்.டி. என்பது கிடங்கு. மேடை சிறிதாக இருந்தால் ஒவ்வொரு பொருளுக்கும் பையன் கிடங்குக்கு ஓட வேண்டும். வாடிக்கையாளர் காத்து நிற்பார். வடிவமைப்பு வேலைக்கு 16 ஜி.பி. ராம் தொடக்கம், பெரிய அசெம்பிளிகளைத் திறக்கும் மெக்கானிக்கல் மாணவருக்கும், ரெவிட்டில் கட்டடம் வரையும் சிவில் மாணவருக்கும் 32 ஜி.பி. நல்லது. 8 ஜி.பி.யைக் கொடுத்து "இது போதும்" என்பவரை நம்ப வேண்டாம்.

2025-ன் பிற்பகுதியில் ராம் விலை கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய கணினி மையங்களுக்கு நினைவகச் சிப்புகள் திருப்பி விடப்பட்டதால் நம் போன்றவர்களுக்கான சரக்கு சுருங்கியது. வெங்காயம் வடக்கே தங்கிவிட்டால் இங்கே என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா? இப்படி விலை ஏறியிருக்கும் நேரத்தில், நாலு ஸ்லாட் உள்ள மதர்போர்டை எடுத்து, இப்போதைக்கு 16 ஜி.பி. போட்டுக்கொண்டு, மீதியை விலை தணியும்போது சேர்ப்பது புத்திசாலித்தனம். கொட்டேஷன் எத்தனை நாளைக்குச் செல்லும் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கிடங்கு விஷயத்தில் ஒரு கணக்கு. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் நொடிக்குச் சுமார் 150 எம்.பி. தரும். சாட்டா எஸ்.எஸ்.டி. 550 வரை தரும். என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. சில ஆயிரம் தரும். விண்டோஸும் மென்பொருள்களும் என்.வி.எம்.இ.யில் இருக்கட்டும். செய்து முடித்த வேலைகளின் பிரதிக்குத் தனியாக ஒரு டிஸ்க் இருக்கட்டும். ஒரே பேரேட்டில் மொத்தக் கணக்கையும் வைத்துவிட்டுக் கரையானுக்குக் கொடுத்த கதைகள் நம்மிடம் ஏராளம்.

கிராஃபிக்ஸ் கார்டில்தான் நிறையப் பேர் பணத்தைக் கொட்டுகிறார்கள். சிவில் மாணவர் தட்டை வரைபடம் மட்டும் போடுகிறார் என்றால், பிராசஸரிலேயே உள்ள கிராஃபிக்ஸ் சமாளித்துவிடும். ஆனால், பெயரின் கடைசியில் 'எஃப்' என்று முடியும் இன்டெல் பிராசஸர்களில் அந்த வசதி கிடையாது. சில நூறு ரூபாய் குறைகிறதே என்று அதை எடுத்தவர் தனிக் கார்டு வாங்காமல் திரையில் எதையும் பார்க்க முடியாது. முப்பரிமாண வேலை செய்பவருக்குத் தனிக் கார்டு தேவை. சாலிட்வொர்க்ஸ் போன்ற நிறுவனங்கள் தாங்கள் சோதித்து ஒப்புக்கொண்ட கார்டுகளின் பட்டியலை வெளியிடுகின்றன. அதில் இருப்பவை தொழில்முறைக் கார்டுகள். விளையாட்டுக்கென்று விற்கப்படும் கார்டுகள் அந்தப் பட்டியலில் வராவிட்டாலும், 8 ஜி.பி. நினைவகமுள்ள நடுத்தரக் கார்டு ஒன்று மாணவரின் வேலைக்குப் போதும். அதற்கு மேல் கேட்டால், பையன் வடிவமைக்கப் போகிறானா விளையாடப் போகிறானா என்று பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

யானையும் அங்குசமும்

இனி நம்மை வீழ்த்திய எஸ்.எம்.பி.எஸ். யானையை வாங்கியவன் அங்குசம் வாங்க யோசித்தானாம். கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மேல் எத்தனை வாட் என்று எழுதியிருந்தாலும் அது உள்ளே இருக்கிறதா என்பது சந்தேகம். எடை குறைந்த படிக்கல் போன்றது அது. '80 பிளஸ்' சான்று பெற்ற, பெயருள்ள நிறுவனத்தின் 550 முதல் 650 வாட் எஸ்.எம்.பி.எஸ். தனியாக வாங்குங்கள். கண்ணாடியையும் விளக்கையும் விட்டுவிட்டால் அதற்கான பணம் தானாகக் கிடைக்கும்.

யு.பி.எஸ். கட்டாயம் வேண்டும். அதில் 600 வி.ஏ. என்று எழுதியிருப்பதை 600 வாட் என்று எண்ணிவிடக் கூடாது. வழக்கமாக அது தாங்குவது 360 வாட் அளவுக்குத்தான். தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டருக்கு 1000 வி.ஏ. எடுப்பது பாதுகாப்பு. மானிட்டரும் யு.பி.எஸ்.ஸும் பி.ஐ.எஸ். கட்டாயப் பதிவின் கீழ் வருபவை. பதிவு எண் பொருளின் மேலேயே அச்சாகியிருக்கும். உணவுப் பொட்டலத்தில் உரிம எண் இல்லையென்றால் நம்மை எப்படி உலுக்குகிறார்கள்? அதே கண்ணோடு இதையும் பாருங்கள்.

நம் கணக்கில், முப்பரிமாண வேலைக்கு நூறு ரூபாய் ஒதுக்கினால் பிராசஸருக்கும் மதர்போர்டுக்குமாக 35, கிராஃபிக்ஸுக்கு 20, ராமுக்கும் எஸ்.எஸ்.டி.க்குமாக 20, மானிட்டருக்கு 15, எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் கேபினட்டுக்குமாக 10. சந்தை விலைக்கு ஏற்ப ஒன்றிரண்டு ரூபாய் முன்பின் ஆகலாம். யு.பி.எஸ். இதற்கு வெளியே.

'ஐ-7' என்ற முத்திரை

பழைய சரக்கு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. "ஐ-7 கம்ப்யூட்டர், மிக மலிவு" என்று விளம்பரங்கள் வருகின்றன. 'ஐ-7' என்ற பெயரில் இன்டெல் முதல் பிராசஸரை வெளியிட்டது 2008-ல். அதுவும் ஐ-7, பத்துப் பன்னிரண்டு தலைமுறை கழித்து வந்ததும் ஐ-7. பொன்னி என்று சாக்கில் எழுதியிருப்பதெல்லாம் பொன்னியா, அதிலும் பழையதா புதியதா என்று நாம் கேட்பதில்லையா? எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள். விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது இன்டெல்லில் எட்டாம் தலைமுறை முதல்தான். அதற்கு முந்தையதை வாங்குவது, காலாவதி தேதி தாண்டிய பொட்டலத்தைக் காசு கொடுத்து வாங்குவதற்குச் சமம்.

நிறுவனங்கள் பயன்படுத்தி விற்ற, எட்டாம் தலைமுறைக்குப் பிந்தைய நல்ல கம்ப்யூட்டர்களும் சந்தையில் உண்டு. கை சுருங்கியிருப்பவர் அவற்றை நாடுவதில் தவறில்லை. சென்னை ரிச்சி தெருவில் விசாரித்தால் பழையதும் கிடைக்கும், புதியதும் கிடைக்கும். எதுவானாலும் ஓட்டிப் பார்த்து, எத்தனை நாள் பொறுப்பு என்று எழுதி வாங்கி, பில்லோடு எடுங்கள்.

பில்லை விட்டால் உத்தரவாதம் இல்லை

2024-ல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிலவற்றில் கோளாறு வெளிப்பட்டது. நிறுவனமே உத்தரவாதத்தை மேலும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. பெட்டியோடு வாங்கியவர் நேரே நிறுவனத்திடம் கேட்கலாம். பெட்டியில்லாத 'டிரே' வகையை வாங்கியவர் விற்ற கடைக்காரரிடம்தான் போய் நிற்க வேண்டும். பில்லும் இல்லாதவர் எங்கே போய் நிற்பது?

ஆகவே, ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனி வரியாக, சீரியல் எண்ணோடு எழுதிய பில் வேண்டும். "கம்ப்யூட்டர் ஒன்று" என்று ஒரே வரியில் எழுதிய பில் பாதி பில்தான். பில் தராமல் விற்பதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடவடிக்கை என்றே சொல்கிறது. அது கம்ப்யூட்டர் கடைக்கு மட்டுமல்ல, நமக்கும் சேர்த்துத்தான்.

நம்மில் சிலர் வேறொரு வழி சொல்கிறார்கள். கடையின் ஜி.எஸ்.டி. எண்ணில் பில் போட்டு, உள்ளீட்டு வரி வரவு எடுத்துவிடலாமே என்று. இது கூடாது. வணிகத்துக்குப் பயன்படும் அளவுக்கு மட்டுமே வரவு எடுக்கலாம், சொந்தப் பயன்பாட்டுப் பொருளுக்கு எடுக்கலாகாது என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. இணக்க வரித் திட்டத்தில் இருப்பவருக்கோ அந்தப் பேச்சே கிடையாது. வீட்டு மேசையில் பிள்ளை வரையும் கம்ப்யூட்டருக்கு வரவு எடுத்து, பிறகு வட்டியும் அபராதமுமாகக் கட்டுவதில் என்ன லாபம்? அதிகாரிகளின் கெடுபிடியை எதிர்த்துச் சங்கத்தின் மூலம் குரல் கொடுக்கும் நாம், நம் கணக்கைச் சுத்தமாக வைத்திருந்தால்தான் அந்தக் குரலுக்கு மதிப்பு.

மென்பொருளிலும் இதே நேர்மை வேண்டும். திருட்டுப் பிரதியைக் கடைக்காரரே போட்டுத் தருவார். அதோடு வைரஸும் வரும். ஆட்டோடெஸ்க் தன் மென்பொருள்களை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் முறையில் இலவசமாகத் தருகிறது. அன்சிஸ் நிறுவனம் சில வரம்புகளோடு மாணவர் பதிப்பை இலவசமாகத் தருகிறது. ஃப்ரீகேட், கிகேட் போன்றவை யாவருக்கும் இலவசம். மாணவர் உரிமத்தை வைத்துக் கூலிக்கு வரைந்து கொடுப்பது மட்டும் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள்.

நமக்குள் ஒரு வேண்டுகோள்

பெரிய நிறுவனங்களும் ஆன்லைன் வியாபாரமும் நம்மை நசுக்குகின்றன என்று கூட்டங்களில் பேசுகிறோம். பிறகு பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேண்டும் என்றதும் நாமே செல்போனை எடுத்து ஆர்டர் போடுகிறோம். ஆன்லைன் விலையைப் பார்ப்பதில் தவறில்லை, சந்தை விலை தெரிந்துகொள்வது வியாபாரியின் கடமை. அந்த விலையை நம் ஊர்க் கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் காட்டி, "எவ்வளவுக்கு முடியும்?" என்று கேளுங்கள். பாகங்களைப் பொருத்தித் தந்து, ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்தாலும் எடுப்பவருக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பதில் நஷ்டமில்லை. நாமும் நம் வாடிக்கையாளரிடம் எதிர்பார்ப்பது அதைத்தானே?

கம்ப்யூட்டர் வணிகம் செய்யும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. இரண்டு விலை சொல்வதை விட்டுவிடுங்கள். மளிகைக் கடைக்காரருக்கு உங்கள் சரக்கு தெரியாது. உங்கள் சொல்லை நம்பித்தான் வருகிறார். எது தேவை, எது வெறும் பகட்டு என்று நீங்களே சொல்லிவிட்டால், அடுத்த ஆண்டு அவர் கடைவீதியில் இருக்கும் பத்துப் பேரை உங்களிடம் அனுப்புவார்.

நம் வீட்டில் அந்தப் பழைய கேபினட் இன்னும் இருக்கிறது. புது எஸ்.எம்.பி.எஸ்., புது மதர்போர்டு, இரட்டிப்பு ராம் எல்லாவற்றையும் பில்லோடு வாங்கிப் பொருத்தினோம். பில் இல்லாமல் மிச்சம் பிடித்ததைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் செலவாயிற்று. அந்த விளக்குகளை அவள் முதல் நாளே அணைத்துவிட்டாள். பில்லை மட்டும் பத்திரமாக எடுத்து, கடைப் பேரேட்டுக்குள் அவளே வைத்தாள்.